மார்ச் ஏழாம் தேதிப் பதிப்பு

மார்ச் 3, திங்கள்

பிரஷர் 150/96. தினமும் காலையில் அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டில் தேடியதில் மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு எண் மட்டும் எழுதினால் பக்கம் வீண். மீதி இடத்தில் வேறு ஏதாவது எழுதலாம் என்று இருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஓடும் என்று பார்ப்போம்.

இன்று ‘தீவனத் துணை’ புதிய வெர்ஷனை இணையத்தில் ஏற்றினேன். கோழிப்பண்ணைக்காரர்களுக்காக நான் எழுதிய மென்பொருள். சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று டன்னுக்குக் கணக்குப் போட்டுத் தாளில் அச்சிட்டுத் தரும். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் முந்நூறு பண்ணைகளில் ஓடுகிறது. ஆபீஸ் மோகனூர் ரோட்டில், மாடியில். ஆள் இரண்டே பேர். நானும் தாரணியும். போன் பேசுவது, டவுன்லோட் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் தாரணி.

காலையிலேயே அவளோடு வாக்குவாதம். டவுன்லோட் பக்கத்தில் வெர்ஷன் நம்பரும் தேதியும் போட வேண்டுமாம். இதையே ஆறு மாதமாகச் சொல்கிறாள்.

“சார், பக்கத்துல ‘புதியது’ன்னு ஒரு பட்டன் மட்டும் இருக்கு. எதைவிடப் புதுசுன்னு எப்படித் தெரியும்?”

முன்பு நம்பர் போட்டிருந்தேன். மூன்று மாதத்தில் 2.1 என்பது 2.5 ஆனது. ஒரு பண்ணைக்காரர் போனில், “ஏனுங்க சார், மாசத்துக்கு ரெண்டு தப்பு கண்டுபுடிப்பீங்களாட்ட இருக்குது” என்று சிரித்தார். அன்றைக்கே நம்பரை எடுத்துவிட்டேன். மென்பொருளுக்கு உள்ளேயும் எடுத்துவிட்டேன். இப்போது பக்கம் சுத்தமாக இருக்கிறது. தாரணியிடம் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

மார்ச் 4, செவ்வாய்

148/94. உப்பைக் குறைத்தாயிற்று. சாப்பாட்டில் ருசியும் போயிற்று.

மார்ச் 7, வெள்ளி

156/98.

மதியம் ஒரு மாதிரித் தாளை அச்சடித்துப் பார்த்தேன். சோளத்துக்குப் பதில் கம்பு என்று தேர்ந்தெடுத்தால், அச்சில் கிளிஞ்சல் வரியே வரவில்லை. திரையில் இருக்கிறது, தாளில் இல்லை. திங்கட்கிழமை ஏற்றிய வெர்ஷனில் நான் செய்த கோளாறு. கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து. அது இல்லாவிட்டால் ஓடு காகிதமாகிவிடும்.

சரிசெய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதே பெயரில், அதே பட்டனுக்குப் பின்னால், பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். தாரணி வங்கிக்குப் போயிருந்தாள்.

நான்கு நாளில் பதினோரு பேர் இறக்கியிருக்கிறார்கள். யார் யார் என்று தெரியாது. கம்பு போடுகிறவர்கள் அதில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பலாமா என்று யோசித்தேன். முந்நூறு பேருக்கு என் முட்டாள்தனத்தை நானே தண்டோரா போட வேண்டுமா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

146/92. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தான். அடியில் இரண்டு விரல்கடை சேறு. இதைத்தான் குடித்துக்கொண்டிருந்தோமா என்று என் மனைவி உமா கேட்டாள். தெரியாதவரைக்கும் நன்றாகத்தானே இருந்தது என்றேன். முறைத்தாள்.

மார்ச் 19, புதன்

160/100.

பாவாயி அம்மா போன் செய்தார். புதுச்சத்திரம் பக்கம் நாலாயிரம் கோழி வைத்திருக்கிறார். லட்சக்கணக்கில் கோழி வளர்க்கிற ஊரில் நாலாயிரம் என்பது கைப்பிடி அளவு. கணவர் இறந்த பிறகு ஒற்றை ஆளாக நடத்துகிறார். முட்டை தோல்முட்டையாக வருகிறதாம், கையில் எடுத்தால் அமுங்குகிறதாம். தாரணி பேசிக்கொண்டிருந்தாள். நான் என் மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எப்ப டவுன்லோட் பண்ணாங்களாம்?” என்றேன்.

“அஞ்சாம் தேதி, புதன்கிழமைன்னு சொல்றாங்க சார். இப்ப கம்புதான் போடறாங்களாம்.”

மேஜைக் காலண்டரைப் பார்த்தேன். மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில்.

“பழசை அழிச்சிட்டு மறுபடியும் இறக்கிக்கச் சொல்லு.”

“எதுக்கு சார்? அவங்ககிட்ட இருக்கறது புதுசுதானே?”

“எதுக்கும் இருக்கட்டும். ஃபைல் இறங்கறப்ப கெட்டுப்போயிருக்கும்.”

தாரணி பொறுமையாக ஒவ்வொரு படியாகச் சொல்லி, அழிக்க வைத்து, மறுபடி இறக்க வைத்தாள். இனி தாள் சரியாக வரும். பிரச்சினை முடிந்தது. தவிர, வெயிலுக்கும் ஓடு மெலிசாகும். மார்ச் மாதத்திலேயே இந்த வெயில் அடிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

152/96. கார் சர்வீஸ்.

மார்ச் 28, வெள்ளி

158/98. பாவாயி அம்மாவின் பண்ணையில் கோழிகள் கூண்டிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொள்கின்றனவாம். எழுந்து நிற்கத் தெம்பில்லை. எலும்பிலிருந்த சத்தையெல்லாம் முட்டைக்குக் கொடுத்துவிட்டன. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, மீதி இருந்த பழைய மூட்டையிலிருந்து தீவனம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்.

தாரணி இதைச் சொல்லும்போது நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

லேப் முடிவு வந்துவிட்டது. சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இன்று பிரஷர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

154/98. முந்நூறு கோழிக்கு மேல் செத்துவிட்டதாம். மற்றவை தேறுகின்றனவாம். தேறுகின்றன என்பதை இரண்டு முறை எழுதி, ஒன்றை அடித்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. உமா மாங்காய்ப் பச்சடி செய்திருந்தாள். சாப்பிட உட்காரும்போது பாவாயி அம்மா போன். தாரணி நம்பருக்கு இல்லை, நேராக எனக்கு.

“சார், நல்ல நாளும் அதுவுமா உங்ககிட்ட மன்னாப்பு கேட்டுப்போடலாம்னு கூப்ட்டனுங்க.”

எனக்குப் புரியவில்லை.

“உங்க கம்ப்யூட்டரு மேலதான் எனக்கு சந்தேகமுங்க. நாலு பேருகிட்ட சொல்லியும்போட்டேன். இப்பத்தான் வெவரம் தெரியுது. எல்லாம் எங்க மாரப்பன் பண்ணுன வேலைங்க.”

மாரப்பன் அவர் பண்ணையில் பதினொரு வருஷமாகத் தீவனம் கலக்கிறவர். கொட்டகையில் பார்த்தபோது, மார்ச் முதல் பாதியில் போட்டிருக்க வேண்டிய ஒன்பது மூட்டைக் கிளிஞ்சல் பிரிக்காமல் அப்படியே கிடந்ததாம். ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, ‘தாளுல கிளிஞ்சல் வரியே இல்லீங்க’ என்றாராம். அம்மா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். திரையில் கிளிஞ்சல் இருந்தது. மாரப்பன் கண்ணெதிரிலேயே அச்சடித்துக் காட்டினார். தாளிலும் இருந்தது. பழைய தாள் எங்கே என்றால், கலந்து முடித்ததும் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டேன் என்கிறார்.

“நாலு வருசத்துக்கு முந்தி குடிச்சிட்டுக் கெடந்த ஆளுங்க. வுட்டுட்டேன்னு சொல்லிட்டிருந்தான். மறுக்கா ஆரம்பிச்சிட்டானாட்ட இருக்குது. இல்லாட்டி கண்ணு முன்னால இருக்கற வரி தெரியாம போகுமுங்களா? பங்குனி உத்தரத்துக்கு மறுநாளே கணக்க முடிச்சு அனுப்பிப்போட்டேன். பொய் சொன்னதுதாங்க எனக்குத் தாங்கல.”

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். “பரவாயில்லைங்கம்மா” என்றேன்.

மன்னித்துவிட்டேன், அவரை. உமா இன்னும் கொஞ்சம் பச்சடி வைக்கட்டுமா என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

170/104. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி பார்த்தேன். 172.

தாள் சொல்கிறபடிதான் கலக்க வேண்டும் என்பது நான் கொண்டுவந்த சட்டம். கலக்கிற ஆட்கள் கைப்பழக்கத்தில் கூட்டிக் குறைத்துப் போடுவார்கள் என்பதால், ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இதில் உள்ளதை மட்டுமே, உள்ள அளவில் மட்டுமே கலக்கவும்’ என்று தடித்த எழுத்தில் அச்சாகும்படி செய்திருக்கிறேன். பதினொரு வருஷம் கலந்தவருக்குக் கிளிஞ்சல் இல்லாதது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பட்டிருக்கும். தாள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

அம்மா நேற்று போன் செய்ததையும் மாரப்பன் விஷயத்தையும் தாரணியிடம் சொன்னேன், ஃபைலை மாற்றியதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு போன் செய்தால் போதும். இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். முதலில் அம்மா சாப்பிடுகிற நேரமாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். அப்புறம் தூங்குகிற நேரமாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். முந்நூறு பண்ணைக்கும் தெரிந்துவிட்டால் யார் இதை நம்பிக் கலப்பார்கள்? தாரணிக்கு வேலை இருக்காது. இப்படி எழுதும்போது தாரணிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று தாரணிக்குத் தெரிந்துவிட்டது.

பரமத்தியிலிருந்து ஒரு பண்ணைக்காரர் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ‘கம்புக்கு மாறலாம்னு பாக்கறேன், கிளிஞ்சல் வேண்டாமுங்களா?’ என்று கேட்டிருந்தார். பதினோரு பேரில் ஒருவர். நல்லவேளை, கலப்பதற்கு முன்னால் கேட்டார். தாரணி தன் கம்ப்யூட்டரில் அதே கணக்கைப் போட்டு அச்சடித்தாள். இரண்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டும் ‘புதியது’ பட்டன்ல இருந்து இறக்குனதுதான் சார். இந்த ஃபைலை எப்ப மாத்துனீங்க?”

“ஏழாம் தேதி.”

“மார்ச்சா, ஏப்ரலா?”

“மார்ச்.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே யோசித்தாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“பாவாயி அம்மாகிட்ட பழசு இருந்தது. நாந்தான் அதை அழிக்க வெச்சேன். அந்த அண்ணன் சொன்னது நிஜம்ங்கறதுக்கு அது ஒண்ணுதான் சார் சாட்சி. ஒரு நம்பர் இருந்திருந்தா நானே பாத்துச் சொல்லியிருப்பேன், அம்மா உங்ககிட்ட இருக்கறது வேறன்னு.”

“எனக்கு அப்போ மாரப்பன் விஷயம் தெரியாது தாரணி.”

“திங்கக்கிழமை தெரியும்ல சார்?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள். எட்டு வருஷம் முன்னால் பெங்களூர் வேலையை விட்டு வந்தபோது, இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். மகள் வயதில் உள்ள ஒரு பெண் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது. இதற்கு வேறு வார்த்தை தேடினேன், இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

தாரணி வந்தாள். இரண்டு பேரும் வேலையை மட்டும் பேசினோம். பதினோரு பேரையும் தேடி முந்நூறு பண்ணைக்கும் போன் போட ஆரம்பித்தோம்.

ஏப்ரல் 21, திங்கள்

164/100.

டவுன்லோட் பக்கத்தை மாற்றினோம். பட்டனுக்கு மேலே பெரிய எழுத்தில் பதிப்பு எண், வெளியிட்ட தேதி. கீழே ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்ற விவரம். மென்பொருள் திரையின் மேல் ஓரத்திலும், அச்சாகும் தாளின் தலையிலும் அதே எண். இனி எந்தத் தாளை யார் காட்டினாலும் எந்தப் பதிப்பு என்று ஒரு பார்வையில் தெரியும். இரண்டு மணி நேர வேலை. ஆறு மாதமாக இதற்குத்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 2.7 வெளியிட்ட தேதி என்ற இடத்தில் முதலில் ‘ஏப்ரல் 21’ என்று அடித்தேன். அப்படிப் போட்டால் இப்போதுதான் கோளாறு தெரியவந்தது, தெரிந்தவுடன் திருத்திவிட்டோம் என்று ஆகிவிடும். கோளாறு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மறைக்கவில்லை என்று ஆகிவிடும். அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது தாரணி பக்கத்தைச் சரிபார்ப்பதற்காக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். தேதி வந்ததும் நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த வரிக்கும் போகவில்லை. நான் குனிந்து, அதை அழித்து, ‘மார்ச் 7’ என்று அடித்தேன். அப்புறம் படித்தாள்.

இப்போது பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘பதிப்பு 2.7. வெளியிட்ட நாள் மார்ச் 7. பதிப்பு 2.6இல் (மார்ச் 3 முதல் 7 வரை) கம்பு சேர்த்த கலவைக்கு அச்சுத்தாளில் கிளிஞ்சல் வரி விடுபட்டது. கோளாறு மென்பொருளுடையது. தாளைப் பார்த்துக் கலந்தவர் மேல் தவறில்லை.’ கடைசி வரி தாரணி எழுதியது.

ஏப்ரல் 23, புதன்

பாவாயி அம்மாவின் பண்ணைக்குப் போனேன். கூண்டுகளில் இடையிடையே காலி இடங்கள். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

முழுக்கக் கேட்டார். கோழி செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அவன் எங்கிட்ட கேட்டானுங்க சார். மொத நாளே கேட்டான். ‘அம்மிணி, கிளிஞ்சல் போட வேண்டாமுங்களா?’ன்னு. நாந்தேன் வேலை அவசரத்துல, ‘தாளுல என்ன இருக்குதோ அதப் போடு, உன்ற மூளைய ஓட்டாத’ன்னு சொன்னேன். இப்ப நீங்க சொன்னப்பறந்தான் நெனப்பு வருது.”

அப்புறம், “வருசப் பொறப்பன்னிக்கு நானு கூப்ட்டனே. அப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றார்.

சொல்லியிருக்கலாம் என்றேன்.

“இனி நானு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனக் கூப்புடறது?”

மாரப்பன் வீட்டுக்கு வழி சொன்னார். முதலில் நீங்கள் போய்வாருங்கள், அப்புறம் நான் போகிறேன் என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் மாரப்பன் வீட்டுக்குப் போனேன். முட்டை லாரிக்கு ஏற்றுகிற கூலி வேலைக்குப் போகிறாராம் இப்போது. ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். மெலிந்த ஆள், ஐம்பது வயது இருக்கும். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்காக எழுந்து நின்றார்.

தாளில் வரி இல்லை, நீங்கள் சொன்னது உண்மை என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது எனக்குத் தெரியுமுங்களே. தாளப் பாத்தவன் நானு. எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? உள்ள பூங்கொடி இருக்கறா. அவகிட்டச் சொல்லுங்க.”

அவர் மனைவி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். நம்புவதா வேண்டாமா என்பது போலப் பார்த்தார். சமாதானம் செய்து வைக்க ஊரில் யாராவது ஏற்பாடு செய்து அனுப்பிய ஆள் என்று நினைத்திருக்கலாம். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் படித்தார். ‘தாளைப் பார்த்துக் கலந்தவர் மேல் தவறில்லை’ என்ற வரியை இரண்டு முறை படித்தார். அப்புறம் விரல் மேலே போய்த் தேதியில் நின்றது.

“மார்ச்சு ஏழுன்னா மாசில வருமுங்களா?”

“ஆமாங்க.”

“இவர நிறுத்துனது பங்குனி உத்தரத்துக்கு மறுநாளுங்க.”

“ஆமாங்க.”

“அப்ப உங்களுக்கு மின்னாடியே தெரியுமுங்களா?”

“கோளாறு தெரியும். இவரை நிறுத்தினது வருஷப் பிறப்பன்னைக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் சொல்லலைங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் பத்து நாளாக என்னைத் தயார்செய்திருந்தேன். அவர் போனை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். மாரப்பன் மறுபடி சைக்கிள் பக்கம் உட்கார்ந்திருந்தார். பூங்கொடி அவருக்கு முன்னால் போய் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“ஏனுங்க, அன்னிக்கி நானு அப்படிக் கேட்டிருக்கப்படாதுங்க.”

“வுடு பூங்கொடி.”

“நாலு வருசமாத் தொடாத மனுசன. வாய ஊதுங்கன்னு சொன்னேன். நீங்களும் ஒண்ணும் பேசாம ஊதுனீங்க.”

“வுடுங்கறன்ல.”

“என்ன மன்னிச்சுப்போடுங்க.”

மாரப்பன் செயினைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். மனைவியின் தோளைத் தொட நீட்டிய கையை, எண்ணெய்க் கை என்பதால் இழுத்துக்கொண்டார்.

நான் கதவருகில் நின்றிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் பூங்கொடி கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நானும் கேட்டேன், அவர்கள் இருவரும் மரியாதைக்காக எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்கள்.